அயல்நாட்டுப் பாஸ்போர்ட், உள்ளூர் பெஞ்சு

ஹைதராபாத்தில் ஒரு பள்ளியின் அட்மிஷன் மேசையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளைகளின் ஃபைல்கள் என் பொறுப்பில் இருந்தன. இப்போது ஊர் கோகாபேட், தெல்லாப்பூர் என்று மேற்கே போகப் போக, இன்டர்நேஷனல் என்ற பலகையோடு பள்ளிகள் வந்துகொண்டே இருக்கின்றன. அங்கே அலுவலக வேலைக்குச் சேருகிறவர்களில் செகந்திராபாத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி கோயிலில் பிரகாரம் சுற்றி முடிப்பதற்குள் யாராவது ஒருவர், "அங்கிள், ஸ்டூடண்ட் விசாவுக்கு லெட்டர் கேக்கறாங்க, என்ன எழுதறது?" என்று வந்துவிடுகிறார்கள். நடந்துகொண்டே சொன்னால் பாதிதான் காதில் விழும். அதனால் எழுதிவிடுகிறேன். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரும் படித்தால் உங்கள் வேலை கொஞ்சம் குறையும்.

1. முகத்தையும் பேச்சையும் வைத்து நாட்டை முடிவு செய்யாதீர்கள்.

பழைய ஊருக்குத் தெற்கே பார்கஸ் இருக்கிறது. நிஜாமின் படைக்கு ஏமனிலிருந்து வந்த அரபுகளின் வம்சம் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது. அந்தப் பகுதிப் பையன் ஒருவன் லுங்கி கட்டிய தாத்தாவோடு உங்கள் முன்னால் வந்து உட்காருவான். பெயரும் முகமும் அரபு. ஆனால் அவன் இந்தியக் குடிமகன், விசா என்ற பேச்சுக்கே இடமில்லை. அடுத்த நாற்காலியில் வீட்டில் சுத்தத் தெலுங்கு பேசும் பெண் குழந்தை, பாட்டி பின்னிவிட்ட ஜடையும் பூவுமாக. அவள் டாலஸில் பிறந்தவள், அமெரிக்கப் பாஸ்போர்ட். சட்டத்தின் கண்ணில் அவள்தான் அயல்நாட்டவள். மூன்றாவது நாற்காலியில் அபார்ட்மென்ட் வாட்ச்மேனின் மகன், நேபாளம். அவனும் அயல்நாட்டவன்தான், ஆனால் நேபாள, பூட்டான் குடிமக்கள் இங்கே தங்கிப் படிக்க விசா வேண்டியதில்லை. நேபாளத்தோடு 1950ஆம் ஆண்டிலேயே ஒப்பந்தம் ஆகிவிட்டது. அவனிடம் போய் விசா காப்பி எங்கே என்று கேட்டு, அவன் அப்பாவை நாலு நாள் அலையவிட்ட அலுவலகங்கள் இந்த ஊரில் உண்டு.

முதலில் கேட்க வேண்டியது இது ஒன்றுதான்: பிள்ளை எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறது? "சொந்த ஊர் எது?" என்று கேட்டால் விஜயவாடா என்றுதான் சொல்வார்கள். அது உண்மையும்கூட. உங்களுக்கு அது உதவாது.

2. அடுத்து, பிள்ளை எந்த அடுக்கில் வருகிறது என்று பாருங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் வேலை முடிந்தது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு, இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தால் அது ஓர் அடுக்கு. ஓசிஐ இல்லாமல் விசாவில் இருந்தால் இன்னோர் அடுக்கு. ஹைதராபாத்தின் மேற்குப் பக்கப் பள்ளிகளில் உங்களுக்கு அதிகம் வரப்போவது ஓசிஐ பிள்ளைகள். அந்தத் திட்டமே நம் ஊரில்தான் தொடங்கியது. 2006 ஜனவரியில் பிரவாசி பாரதிய திவஸ் மாநாடு இங்கே நடந்தபோது பிரதமர் மன்மோகன் சிங் முதல் ஓசிஐ அட்டைகளைக் கொடுத்தார். வம்சாவளியினருக்கு இருந்த பழைய பிஐஓ அட்டையை 2015 ஜனவரியில் ஓசிஐயோடு சேர்த்துவிட்டார்கள்.

ஓசிஐ உள்ள பிள்ளை பள்ளியில் படிக்கத் தனி விசா வேண்டாம், எத்தனை வருஷம் இருந்தாலும் எஃப்ஆர்ஆர்ஓ என்ற அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவும் வேண்டாம். அதனால் அந்தப் பெற்றோரிடம் ஸ்டூடண்ட் விசா வாங்கி வரச் சொல்லாதீர்கள். புதிதாக வந்தவர்கள் இந்தக் காரியத்தைத்தான் ஆர்வக்கோளாறில் செய்வார்கள்.

இதே ஊரில் பிறந்த குழந்தையும் அயல்நாட்டவராக இருக்கலாம். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு இந்தியாவில் பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை கிடைக்க, பெற்றோரில் ஒருவராவது பிறந்த நேரத்தில் இந்தியக் குடிமகனாக இருந்து, மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இல்லாமலும் இருக்க வேண்டும். அப்பா, அம்மா இருவரும் அமெரிக்கக் குடிமக்கள், பிரசவம் ஜூபிலி ஹில்ஸ் ஆஸ்பத்திரியில், மாநகராட்சியான ஜிஹெச்எம்சியின் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறது என்றால் குழந்தை இந்தியக் குடிமகன் ஆகிவிடாது. ஜிஹெச்எம்சி முத்திரையைப் பார்த்ததும் ஃபைலை மூடிவிடாதீர்கள்.

3. ஓசிஐ இருக்கிறது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிட வேண்டாம்.

ஓசிஐ அட்டையில் பழைய பாஸ்போர்ட் எண் இருக்கும். அமெரிக்காவில் 16 வயதுக்குக் கீழே எடுக்கும் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் ஐந்து வருஷம். ஆகவே பள்ளிக்கூடம் முடிவதற்குள் பாஸ்போர்ட் இரண்டு மூன்று தடவை மாறிவிடும். முன்பெல்லாம் ஒவ்வொரு தடவையும் ஓசிஐயை மறுபடி அச்சடித்து வாங்க வேண்டும், பெற்றோர் தலையில் அடித்துக்கொள்வார்கள். 2021 ஏப்ரலில் அதை எளிதாக்கிவிட்டார்கள். 20 வயது நிரம்பிய பிறகு எடுக்கும் பாஸ்போர்ட்டுக்கு ஒரே ஒரு தடவை புது ஓசிஐ. அதற்கு முன்னால் பாஸ்போர்ட் மாறும்போதெல்லாம், புதுப் பாஸ்போர்ட்டின் நகலையும் புதுப் புகைப்படத்தையும் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் ஏற்றினால் போதும், பணம் கட்ட வேண்டாம்.

பணம் கட்ட வேண்டாம் என்பதாலேயே இது மறந்துபோகும். கோடை விடுமுறைக்கு டிக்கெட் போடும் நேரத்தில்தான் ஞாபகம் வரும். நீங்கள் புதுப் பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸ் வாங்கும்போதே, "ஓசிஐ தளத்தில் ஏற்றிவிட்டீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

4. டூரிஸ்ட் விசாவில் இருக்கும் பிள்ளைக்கு அட்மிஷன் போடாதீர்கள்.

இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். திடீரென்று வேலை போய், அல்லது தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று குடும்பம் அவசரமாகத் திரும்பியிருக்கும். குழந்தையின் பாஸ்போர்ட்டில் ஐந்து வருஷ டூரிஸ்ட் விசா இருக்கும். "அஞ்சு வருஷம் இருக்கே சார்" என்பார் அப்பா. ஐந்து வருஷம் என்பது வந்து போவதற்கான காலம். பள்ளியில் சேர்ந்து வருஷக்கணக்காக உட்காருவதற்கு அந்த விசா செல்லாது. ஒருமுறை வந்தால் தொடர்ந்து எத்தனை நாள் இருக்கலாம் என்பதும் அதிலேயே இருக்கும். இங்கே இருந்துகொண்டே அதை ஸ்டூடண்ட் விசாவாக மாற்றிக்கொள்வதும் பொதுவாக நடக்காது.

முதல்வர் அறையிலிருந்து அழுத்தம் வரும், கட்டணம் கட்டத் தயாராக இருக்கும் குடும்பம் ஆயிற்றே. மரியாதையாக எழுத்தில் கொடுங்கள்: இந்தப் பிள்ளைக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம், உரிய விசாவோ ஓசிஐயோ வந்ததும் சேர்த்துக்கொள்வோம் என்று. இடம் போய்விடுமோ என்ற பயத்தில்தான் பெற்றோர் வாதாடுகிறார்கள், அந்தப் பயம் போனால் பாதி வாதம் நின்றுவிடும். திரும்பி வர யோசித்துக்கொண்டிருக்கும் சொந்தக்காரர் யாராவது அமெரிக்காவில் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். ஓசிஐ விண்ணப்பத்தை அங்கேயே, விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் நிறுவனம் வழியாக முடித்து, அட்டை கைக்கு வந்த பிறகு பெட்டி கட்டட்டும்.

5. ஸ்டூடண்ட் விசாவுக்கான கடிதத்தை நீங்கள்தான் எழுதுகிறீர்கள். வரி வரியாகப் பார்த்து எழுதுங்கள்.

இந்திய வம்சாவளி இல்லாத பிள்ளைகளும் இங்கே வருகிறார்கள். ஆகா கான் அகாடமி மாதிரி விடுதிப் பள்ளி ஒன்று விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே 2011 முதல் நடக்கிறது. பட்டான்செருவில் இக்ரிசாட் 1972இல் வந்ததும், அங்கே வேலைக்கு வந்த விஞ்ஞானிகளின் பிள்ளைகளுக்காக ஒரு சர்வதேசப் பள்ளியும் வந்தது. பிள்ளை தனியாகப் படிக்க வருவதென்றால், ஸ்டூடண்ட் விசாவை அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் வாங்க வேண்டும். உங்கள் அட்மிஷன் கடிதம்தான் அதற்கு ஆதாரம்.

பள்ளியின் லெட்டர்ஹெட், கையெழுத்துப் போடுபவரின் பெயரும் பதவியும், சிபிஎஸ்இயோ கேம்பிரிட்ஜோ ஐபியோ அந்த இணைப்பு எண், பாஸ்போர்ட்டில் உள்ளபடி பிள்ளையின் பெயர், பாஸ்போர்ட் எண், வகுப்பு, விடுதியா வீடா, இங்கே பொறுப்பேற்கும் கார்டியன் யார், இத்தனையும் அதில் இருக்க வேண்டும். இடம் உறுதி என்று தெளிவாகச் சொல்லுங்கள். "தேர்வு முடிவைப் பொறுத்து", "இடம் இருந்தால்" என்றெல்லாம் இழுத்தால் விசா அதிகாரி திருப்பி அனுப்புவார்.

இன்னொன்று, காலம். படிப்புக் காலம் அல்லது ஐந்து வருஷம், இதில் எது குறைவோ அதுவரை ஸ்டூடண்ட் விசா கொடுப்பார்கள். ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு இந்தக் கல்வியாண்டு மட்டும் என்று எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரு வருஷ விசாவோடுதான் வந்து இறங்கும். பத்தாம் வகுப்பு வரை பள்ளி நடத்துகிறது, பிள்ளை அதுவரை படிக்கச் சேர்ந்திருக்கிறது என்றால் அதையே எழுதுங்கள். ஒரு வாக்கியத்தில் அந்தக் குடும்பத்துக்கு நாலு தடவை அலைச்சல் மிச்சம். ஸ்டடி இன் இந்தியா தளத்தைப் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். அது கல்லூரி, பல்கலைக்கழகப் படிப்புக்கு, நம் பிள்ளைகளுக்கு இல்லை.

6. பெற்றோரின் விசாவில் தொற்றிக்கொண்டு வரும் பிள்ளைகளை மறக்காதீர்கள்.

டோலிசௌக்கியில் பாரமவுன்ட் காலனி என்று ஒன்று. ஏமன், சூடான், சோமாலியா என்று பல நாட்டு மாணவர்கள் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கும் இடம். அப்பா உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர், மகள் நான்காம் வகுப்பு. மகளுக்கு ஸ்டூடண்ட் விசா இருக்காது. அப்பாவைச் சார்ந்து வந்த எக்ஸ் விசா இருக்கும். எம்ப்ளாய்மென்ட் விசாவில் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் அப்படியே. இந்தப் பிள்ளைகளின் விசாக் காலம் அப்பாவின் விசாக் காலத்தோடு முடியும். ஆகவே அப்பாவின் விசாவும் ஆர்பியும், அதாவது தங்கும் அனுமதியும், மகளின் ஃபைலில் ஒரு பிரதி இருக்க வேண்டும். மகள் உங்கள் பள்ளியில் படிப்பதற்குத் தனி அனுமதிக் குறிப்பு வேண்டுமா என்பதை எஃப்ஆர்ஆர்ஓவிடமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

இந்தக் குடும்பங்களிடம் கொஞ்சம் பொறுமை வேண்டும். சூடானில் 2023 ஏப்ரலில் போர் வெடித்தது, ஏமனில் அதற்கு முன்பிருந்தே. பாஸ்போர்ட் காலாவதியானால் புதுப்பிக்க டெல்லித் தூதரகத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பழைய பள்ளியின் டிசி கேட்டால், அந்தப் பள்ளிக் கட்டடமே இருக்கிறதோ இல்லையோ. டிசி இல்லை என்றால் வயதுக்கும் படித்ததற்கும் பெற்றோர் அபிடவிட் கொடுக்கட்டும், ஆசிரியர் ஒரு தேர்வு வைத்து வகுப்பை முடிவு செய்யட்டும். வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தைக்கும் இடம் மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது.

விசா என்ற கணக்கிலேயே வராத பிள்ளைகளும் ஊரில் இருக்கிறார்கள். பாலாப்பூர் பக்கத்து ரோஹிங்கியா முகாம்களில் ஐநா அகதி அட்டையைத் தவிர வேறு காகிதம் கிடையாது. டெல்லி ரோஹிங்கியா பிள்ளைகளின் வழக்கில், அவர்கள் அரசுப் பள்ளிகளை அணுகலாம், மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனியார் பள்ளி மேசைக்கு அவர்கள் வருவது அரிது. வந்தால் விரட்டாமல், எங்கே போக வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

7. பதினான்கு நாள்.

180 நாளுக்கு மேற்பட்ட ஸ்டூடண்ட் விசாவில் வந்த பிள்ளை, வந்து இறங்கிய 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓவில் பதிவு செய்ய வேண்டும். 12 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் பதிவு இல்லை என்பது நடைமுறை. அதைக் கேட்டு, விசாவே வேண்டாம் போலிருக்கிறது என்று பெற்றோர் நினைத்துவிடுவார்கள். விசா வேண்டும், நீட்டிப்பும் வேண்டும். குழந்தைக்கு 12 ஆகும் தேதியை ஃபைலின் மேலேயே எழுதி வையுங்கள்.

2018 ஏப்ரல் முதல் நாடு முழுக்க எல்லாம் இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில்தான். முன்பு மாதிரி விடியற்காலையில் போய் வரிசையில் நிற்க வேண்டாம், கூப்பிட்டால் மட்டும் போனால் போதும். ஆனால் தளத்தில் ஏற்றும் போனஃபைட் சான்றிதழ் மங்கலாக இருந்தால், கையெழுத்துக்குக் கீழே பெயர் இல்லை என்றால், விண்ணப்பம் திரும்பி வரும். செல்போனில் சாய்த்துப் பிடித்து எடுத்த படத்தை அனுப்பாதீர்கள். அலுவலக ஸ்கேனர் எதற்கு இருக்கிறது?

பள்ளிக்கும் கடமை உண்டு. விடுதியில் அயல்நாட்டுப் பிள்ளை வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எங்கள் காலத்தில் அதை சி ஃபாரம் என்போம். மாணவரைச் சேர்த்ததைச் சொல்வது எஸ் ஃபாரம். இப்போது சட்டமே புதிது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நாலு பழைய சட்டங்களை நீக்கிவிட்டு, குடியேற்றம் மற்றும் அயல்நாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. அயல்நாட்டவரைச் சேர்க்கும் கல்வி நிறுவனம் பதிவு அதிகாரிக்குத் தகவல் தர வேண்டும் என்பது இப்போது அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. விசா முடிந்த பிறகும் தங்கினால் மூன்று வருஷம் வரை சிறை, மூன்று லட்சம் வரை அபராதம் என்றும் இருக்கிறது. பெற்றோரைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, நீங்கள் அசட்டையாக இருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

8. பிறந்த தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள்.

அமெரிக்கச் சான்றிதழில் 07/04/2015 என்று இருக்கும். அது ஜூலை 4. நம் ஊர்ப் பழக்கத்தில் நீங்கள் ஏப்ரல் 7 என்று ரிஜிஸ்டரில் ஏற்றிவிடுவீர்கள். பாஸ்போர்ட்டில் மாதம் எழுத்தில் இருப்பதால் அங்கே குழப்பம் இல்லை. ரிஜிஸ்டர், போனஃபைட், டிசி எல்லாவற்றிலும் தவறு தொடர்ந்துபோய், ஒன்பதாம் வகுப்பில் போர்டு பதிவின்போது வெளியே வரும். அதற்குள் ஐந்து வருஷக் காகிதம் சேர்ந்திருக்கும். நாள் 12க்கு மேல் இருந்தால் தானே தெரிந்துவிடும். 12க்குள் இருக்கும் தேதிகள்தான் கண்ணைக் கட்டும். பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, சத்தமாகப் படித்து, எதிரில் இருக்கும் அம்மாவைச் சரி என்று சொல்லவைத்து ஏற்றுங்கள்.

9. பெயர். இதில்தான் தமிழ்நாட்டுக்காரர்களும் தெலுங்குக்காரர்களும் சமமாகச் சிக்குவார்கள்.

தெலுங்கில் வீட்டுப் பெயர் முன்னால் வரும். நமக்கு இனிஷியல். அமெரிக்காவில் கடைசிப் பெயர் கட்டாயம். அங்கே கார்த்திக் சுப்ரமணியன் என்று பிறந்தவனை, மயிலாப்பூர் தாத்தா அட்மிஷன் படிவத்தில் எஸ். கார்த்திக் என்று எழுதுவார். தெலுங்குக் குழந்தை என்றால் வீட்டுப் பெயர் பின்னாலிருந்து முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். தாத்தாக்கள் மேல் தப்பில்லை, அவர்கள் எழுதுகிற மாதிரிதான் எழுதுவார்கள். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளை அதே வரிசையில், ஓர் இடைவெளிகூட மாற்றாமல் ஏற்ற வேண்டியது உங்கள் வேலை. வகுப்பில் செல்லமாக என்ன கூப்பிட்டால் என்ன?

அப்பாவின் பழைய அமெரிக்கக் காகிதங்களில் பெயருக்கு முன்னால் எஃப்என்யு என்று இருந்தால் மிரண்டுவிடாதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தவர்களுக்கு, முதல் பெயர் தெரியவில்லை என்பதற்காக அமெரிக்க விசாவில் போடும் குறி அது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு விதமாகவும், அவருடைய இப்போதைய பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் ஓர் அபிடவிட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

10. இரண்டு பெற்றோரின் கையெழுத்தும் வாங்குங்கள்.

அம்மாவும் பிள்ளையும் இங்கே, அப்பா கலிஃபோர்னியாவில் என்ற குடும்பங்கள் நிறைய. பெரும்பாலும் எந்தச் சண்டையும் இருக்காது, வேலை அங்கே, அவ்வளவுதான். ஆனால் சில ஃபைல்களில் இருக்கும். ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார். இந்த மாதிரி விவகாரத்துக்கான 1980 ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. அதனால் வழக்குகள் நம் நீதிமன்றங்களில் வருஷக்கணக்கில் இழுக்கும், பள்ளியின் வருகைப் பதிவேட்டைக்கூடக் கேட்பார்கள். அட்மிஷனின்போதே தொலைவில் இருக்கும் பெற்றோரின் சம்மதக் கடிதமும், பாஸ்போர்ட் நகலும், யாரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம் என்ற பட்டியலும் வாங்குங்கள். பாஸ்போர்ட் புதுப்பிக்கவும் இது தேவைப்படும். 16 வயதுக்குக் கீழே உள்ள அமெரிக்கக் குழந்தைக்கு இரு பெற்றோர் சம்மதமும் வேண்டும், வர முடியாதவர் டிஎஸ்-3053 படிவத்தில் நோட்டரி வைத்து அனுப்ப வேண்டும். அமெரிக்கத் துணைத் தூதரகம் 2008 முதல் பேகம்பேட் பைகா பேலஸில் இருந்தது, 2023 மார்ச்சில் நானக்ராம்குடாவுக்குப் போய்விட்டது. பழைய விலாசத்தைப் பார்த்துப் பேகம்பேட்டுக்கு ஆட்டோ பிடிக்கும் தாத்தா பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள்.

11. காலாவதிக்கு ஒரு தனி நோட்டு.

கம்ப்யூட்டரில் எக்செல் வைத்திருப்பீர்கள், சரி. அதோடு ஒரு நோட்டும் வையுங்கள், மாதத்துக்கு ஒரு பக்கம். அந்த மாதத்தில் யாருடைய பாஸ்போர்ட், யாருடைய விசா, யாருடைய ஆர்பி முடிகிறது என்று எழுதுங்கள். மூன்று மாதம் முன்னால் பெற்றோருக்குக் கடிதம். பாஸ்போர்ட்டுக்கு அதைவிட முன்னால், ஏனென்றால் அது கையில் இல்லாமல் விசா நீட்டிப்பு நகராது. பிள்ளையின் விசா 2027 வரை இருக்கிறதே என்று இருப்பீர்கள், பாஸ்போர்ட் 2026இல் முடிந்திருக்கும்.

12. பிள்ளையைக் கூப்பிட்டு விசா கேட்காதீர்கள்.

"அயல்நாட்டு மாணவர்கள் எல்லாரும் ஆபீசுக்கு வரவும்" என்று மைக்கில் அறிவிக்கும் பள்ளிகள் இருக்கின்றன. அது கூடவே கூடாது. நாமக்கல்லிலிருந்து வந்த பையன் போலவே தன்னை நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு குழந்தை அன்றைக்குப் பெஞ்சிலிருந்து எழுந்து வர வேண்டியிருக்கும். அடுத்த இடைவேளையில் மற்ற பிள்ளைகள் கேட்பார்கள், "நீ ஃபாரினரா?" என்று. காகித விஷயம் பெற்றோரோடு, போனிலோ மின்னஞ்சலிலோ முடியட்டும்.

13. ஏஜென்ட் நல்லவராக இருக்கலாம். பாஸ்வேர்டு மட்டும் பெற்றோரிடம் இருக்கட்டும்.

இ-எஃப்ஆர்ஆர்ஓ கணக்கைத் தன் மின்னஞ்சலில் திறந்துவிட்டு, பிறகு போனே எடுக்காத ஏஜென்ட்டுகள் உண்டு. எஃப்ஆர்ஆர்ஓ கேட்ட கூடுதல் காகிதம் யாருக்கும் தெரியாமல் அவர் இன்பாக்ஸில் கிடக்கும். போலியான பாஸ்போர்ட்டோ மோசடியாக வாங்கிய விசாவோ தெரிந்தே பயன்படுத்தினால் புதுச் சட்டத்தில் இரண்டு முதல் ஏழு வருஷம் வரை சிறை. கையெழுத்துப் போட்ட வெற்று லெட்டர்ஹெட்டை எந்த ஏஜென்ட்டுக்கும் தராதீர்கள், முதல்வரே சொன்னாலும்.

14. "எங்க பொண்ணு நீட் எழுதலாமா?"

இந்தக் கேள்வி ஏழாம் வகுப்பிலேயே வரும், ஹைதராபாத் அல்லவா. ஓசிஐ பிள்ளை நீட்டும் ஜேஇஇயும் எழுதலாம். எந்த இடத்துக்குப் போட்டியிடலாம் என்பதில்தான் சிக்கல். 2021 மார்ச் 4 தேதியிட்ட அறிவிக்கையின்படி என்ஆர்ஐ இடங்களுக்கும் கூடுதல் இடங்களுக்கும் மட்டுமே, இந்தியக் குடிமக்களுக்கென்று உள்ள இடங்களுக்கு அல்ல. 2023 பிப்ரவரி 3 அன்று உச்ச நீதிமன்றம், இது அந்தத் தேதிக்குப் பிறகு ஓசிஐ வாங்கியவர்களுக்கே பொருந்தும், அதற்கு முன் வாங்கியவர்களின் பழைய உரிமை நீடிக்கும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே ஓசிஐ அட்டையை முதலில் கொடுத்த தேதி எது என்று பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஆலோசனை சொல்ல வேண்டாம், என்ஆர்ஐ இடத்தின் கட்டணத்தைப் பற்றி அப்பாவோடு அம்மா பேசிக்கொள்ளட்டும்.

15. ஆதார் எண் இல்லை என்று அட்மிஷனை நிறுத்தாதீர்கள்.

விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்தால்தான் அயல்நாட்டவர் ஆதாருக்கு விண்ணப்பிக்க முடியும். ஜூனில் வந்து இறங்கிய பிள்ளைக்கு ஜூலையில் ஆதார் எங்கிருந்து வரும்? கட்டத்தைக் காலியாக விட்டு, டிசம்பர் பக்கத்தில் நினைவூட்டல் எழுதி வையுங்கள். ஆதாரிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும், ஒன்பதாம் அறிவுரையை மறுபடி படிக்கச் சொல்லுங்கள். தெலுங்குப் பாடம் பற்றியும் சேர்க்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். 2018 சட்டப்படி தெலங்கானாவில் எல்லா போர்டுப் பள்ளிகளுக்கும் தெலுங்கு உண்டு. எட்டாம் வகுப்பில் எழுத்தே தெரியாமல் வரும் பிள்ளைக்கு முதல் நாளே வழி செய்ய வேண்டும்.

16. பிள்ளை போகும்போதும் வேலை இருக்கிறது.

டிசி எழுதியதோடு ஃபைல் முடிவதில்லை. விடுதியைக் காலி செய்ததையும் படிப்பை நிறுத்தியதையும் தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை இன்னும் உங்கள் பொறுப்பில் இருப்பதாகவே கணக்கில் நிற்கும். நாட்டை விட்டுப் போகிறவர்களின் விசா நடப்பில் இருக்கிறதா என்று டிக்கெட் போடும் முன் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்துபோயிருந்தால் எஃப்ஆர்ஆர்ஓவிடம் வெளியேற அனுமதி வாங்காமல் விமானம் ஏற முடியாது. இங்கேயே வேறு பள்ளிக்கு, ஸ்டூடண்ட் விசாவில் இருக்கும் பிள்ளை மாறுகிறது என்றால், விசா உங்கள் பள்ளியின் பெயரில் கொடுத்தது. புதுப் பள்ளியின் அட்மிஷன் கடிதம், உங்கள் பள்ளியின் தடையின்மைக் கடிதம் இரண்டையும் வைத்து எஃப்ஆர்ஆர்ஓவின் அனுமதியை முதலில் வாங்கட்டும். அது கைக்கு வந்த பிறகு டிசியில் கையெழுத்துப் போடுங்கள். முன்னாலேயே கொடுத்துவிட்டால், அனுமதி வரும்வரை அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியின் ரிஜிஸ்டரிலும் இருக்காது.